வெளித் தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டபோது நான் அடுத்தவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் விஷயம் மண்டையில் ஏறச் சற்று நேரமாயிற்று. சுசீலாபாய் அக்கா எழுந்து போய்க் கதவை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. வெளியே யாரோ அவசரமாக மாடிப்படி இறங்கிப் போனார்கள்.

“எடே பாண்டி, ஆளை விசாரிக்க வந்தோம். நம்மளையும் ஆளோட சேத்துப் பூட்டிட்டானுவ,” என்றார் அக்கா.

அவர் குரலில் பதற்றமே இல்லை. போலீசில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரை உள்ளே தள்ளியவர். தானும் ஒரு தடவை உள்ளே இருந்து பார்ப்பது அவருக்கு மாறுதலாகக்கூட இருந்திருக்கும். ஓய்வு பெற்ற பிறகு ‘சாலை’ என்கிற பெரிய கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் தங்கபாண்டி. வள்ளியூரிலிருந்து சாலைக்கு மூட்டை தூக்க வந்தவன். இப்போது அக்காவுக்கு டிரைவர், மெய்க்காப்பாளன், என் சொந்த அபிப்பிராயத்தில் மூளையும்கூட.

அறையில் மூன்றாவதாக இருந்தவர் பட்டாபி. கரமனை அக்ரஹாரத்தில் இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் நிற்காமல் உதறிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் நாக்கு குழறியது. போன மாதம் வரை தினமும் காலையில் ஆற்றங்கரை வரை நடந்து போய் வந்த மனிதராம். இப்போது கட்டிலிலிருந்து ஜன்னலுக்குப் போகச் சுவரைப் பிடிக்கிறார். ஜன்னலில் கம்பி போட்டிருந்தது. மின்விசிறி சுற்றியும் எனக்கு மூச்சு முட்டியது.

எங்களைக் கூப்பிட்டது அவருடைய ஒரே மகள் ஆஷா. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் சாப்ட்வேர் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். நேற்று ஆபீசுக்கு வந்து அழுதாள். அப்பா தனக்கு யாரோ விஷம் கொடுப்பதாகச் சொல்கிறார், வீட்டில் யாரும் நம்பவில்லை என்றாள். அம்மாவின் தம்பி ஹரிநாராயணன், நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு மனநல விடுதியில் இடம் பேசிவிட்டார். இன்று விளக்கு வைப்பதற்குள் வேன் வந்துவிடும். அந்தக் கேட்டுக்குள் ஒரு தடவை போய்விட்டால் அப்பா எதைச் சொன்னாலும் நோயின் கணக்கில்தான் சேரும், யாருமே காது கொடுக்க மாட்டார்கள் என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் நியாயமானது.

எனக்கு ஹரிநாராயணன் மேல்தான் சந்தேகம். நாங்கள் வந்ததும் அவர் சிரித்த முகமாகக் காபி வேணுமா என்று கேட்டார். கரமனையில் காபி கேட்டுக் கொடுக்கிற வழக்கம் கிடையாது, கொடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். இப்போது தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். வேறு என்ன சாட்சி வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். காபி தராதவனையெல்லாம் ஜெயிலில் போட ஆரம்பித்தால் உன் பெண்டாட்டிதான் முதலில் போவாள் என்று அவர் பதில் சொன்னார்.

ஆஷாவுக்குப் போன் போட்டேன். கிளம்பிவிட்டாளாம். பைபாசில் லாரிகளுக்கு நடுவே அவள் வண்டி மாட்டிக்கொண்டிருந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை என்றாள். அங்கே அவள், இங்கே நாங்கள்.

“யக்கா, ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க. உங்க பழைய ஆளுங்க வந்து ஒரு மிதி மிதிச்சா கதவு தொறந்துரும்.”

“கதவு தொறக்கும். பொறவு? நாம வெளிய போவோம், இவரு வேனுக்குள்ள போவாரு,” என்றார் அக்கா. “இவருக்கு என்னன்னு தெரியாம வெளிய போயி என்னத்துக்கு ஆகும்? தட்டை எடு.”

மத்தியானச் சாப்பாடு தொடப்படாமல் இருந்தது. சாதம், சாம்பார், வாழைக்காய்க் கறி, ஒரு கிண்ணத்தில் மோர். அக்கா என்னைச் சாப்பிடச் சொன்னார். விஷம் இருக்கிறதா என்று பார்க்க எலி, பூனை எல்லாம் இருக்கும்போது நான்தானா கிடைத்தேன் என்று கேட்டேன். எலி ருசி சொல்லாது என்றார்.

“செத்தா என் வீட்டுல நீங்கதான் சொல்லணும். சாப்பிட்டுக்கிட்டே போனான்னு சொல்லுங்க, அவ உடனே நம்பிருவா.”

சாம்பாரை ஒரு வாய் வைத்தேன். கறியைத் தொட்டேன். மோரைக் குடித்தேன். கசப்பு இல்லை, வாடை இல்லை, நாக்கு எரியவில்லை. ஆனால் எதுவுமே இறங்கவில்லை. எதிலும் ஒரு கல் உப்புகூட இல்லை.

“உப்பு இல்லியா?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார் அக்கா. நான் தலையாட்டினேன். கட்டிலில் இருந்த பட்டாபி என்னையே பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

காலையில் நாங்கள் சாலையில் கேட்டுவிட்டு வந்தது அப்போதுதான் எனக்கு அர்த்தமாயிற்று. போன வாரம் பட்டாபி வீட்டிலிருந்து தப்பி, சாலையில் வேலாயுதனின் மொத்த வியாபாரக் கடைக்குப் போய், சாக்கிலிருந்து கல்லுப்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். அக்ரஹாரத்தின் வாட்ஸாப் முழுக்க அது சுற்றியது. பைத்தியம் முற்றிவிட்டது என்பதற்கு அதுதான் ஹரிநாராயணனின் பெரிய சாட்சி. ஆனால் வேலாயுதன் எங்களிடம் வேறு விதமாகச் சொன்னார். முதலில் அந்தப் பெரியவர் கை கூப்பி, தன் பெயரையும் தெருவையும் சொல்லி, ஒரு பிடி உப்பு தர முடியுமா என்று கேட்டாராம். வேலாயுதன் சிரித்துவிட்டாராம். அதற்குப் பிறகுதான் அள்ளினாராம்.

அக்கா நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியவரே, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். அந்த ஒரு மாதத்தில் அவரிடம் அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துப் பேசினார்.

“உப்பு… போனா… மாத்திரை… உள்ளயே… தங்கிடும்.”

என்ன மாத்திரை என்று அக்கா கேட்டார். அவர் கதவைப் பார்த்தார். சொல்லக் கூடாது என்று யாருக்கோ வாக்குக் கொடுத்தவரைப் போல் தலையை அசைத்தார். கடைசியில் உதறும் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் குழித்து, வாயருகே கொண்டுபோய் உறிஞ்சுகிற மாதிரி காட்டினார்.

“தண்ணி வேணுமாம்,” என்றேன்.

“தண்ணியை இப்பிடியா குடிப்பாவ? இது தீர்த்தம்.”

நாங்கள் இந்த வீட்டுக்குள் வந்தபோது பட்டாபியின் மனைவி நாகலக்ஷ்மி பூஜை அலமாரி முன்னால் நின்றிருந்தார். கையில் சின்ன வெள்ளிச் சம்புடம். எங்களைக் கண்டதும் அதைப் பட்டென்று மூடிவிட்டார். விபூதியை எதற்கு ஒளிக்கிறார் என்று நான் அப்போதே நினைத்தேன். நினைத்ததோடு சரி. அதையே பார்த்திருந்த அக்கா, அதில் இருப்பது விபூதி இல்லை, மாத்திரை என்றார்.

படியில் காலடி கேட்டது. மெட்டி போட்ட காலடி. நாகலக்ஷ்மிதான். சாயங்காலத் தீர்த்தம் கொண்டு வந்திருக்கிறார். கதவுக்கு வெளியே நின்று, ஹரி வந்துதான் திறப்பான், எங்களை மன்னிக்க வேண்டும், தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தணிந்த குரலில் சொன்னார்.

அக்கா கதவோடு ஒட்டி நின்றார்.

“மாமி, நீங்க தொறக்காண்டாம். கேட்டா போதும். மாமாவுக்குப் போன மாசம் வந்த சீக்குன்னு மகள்ட்ட சொல்லியிருக்கீய. ஆனா இந்தத் தாழ்ப்பாள் போன மாசத்துது இல்ல. உள்ள வரும்போதே பார்த்தேன். கதவுக்கு அடிச்ச பெயின்ட் அத்தனையும் அதுமேலயும் ஏறியிருக்கு. படுக்குற அறைக்கு வெளிப்பக்கமா எவனும் சும்மா தாழ்ப்பாள் வைக்க மாட்டான். இதுக்கு முன்னாலயும் இவரை இதுக்குள்ள வச்சிருந்தீய, இல்லியா?”

வெளியே அவர் படியில் உட்காரும் புடவைச் சரசரப்பு கேட்டது.

“ஆஷா கைக்குழந்தை அப்போ,” என்றார்.

விட்டு விட்டுச் சொன்னார். அந்த நாளில் பட்டாபி தூக்கத்தை மறந்து, தெருவில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் பிரசங்கம் செய்திருக்கிறார். தான் சொன்னால் மழை நிற்கும் என்று ஆற்றில் இறங்கியிருக்கிறார். ஹரி ஆசாரியை வைத்து இந்தத் தாழ்ப்பாளைப் போட்டான். பிறகு ஸ்ரீகண்டன் என்கிற டாக்டர் லித்தியம் மாத்திரை கொடுத்தார். மனிதர் திரும்பி வந்துவிட்டார். ஆபீசுக்குப் போனார், மகளைப் படிக்க வைத்தார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்த நோய் எட்டிப் பார்க்கவில்லை.

மாத்திரையை விடக் கூடாது, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கக் கூடாது, அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்பு குறைந்தால் உடம்பு அந்த மருந்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் மருந்தே விஷமாகிவிடும் என்றும் சொன்னாராம். வீட்டில் அதோடு இன்னொரு விதியையும் சேர்த்துக்கொண்டார்கள். தெருவுக்குத் தெரியக் கூடாது, குழந்தைக்குத் தெரியக் கூடாது. ஹரி நாகர்கோவிலுக்குப் போய் மாத்திரை வாங்கி வருவான். நாகலக்ஷ்மி உறையிலிருந்து பிரித்து வெள்ளிச் சம்புடத்தில் போட்டு சாமி பக்கத்தில் வைப்பார். பூஜை முடிந்ததும் தீர்த்தத்தோடு ஒரு மாத்திரை பட்டாபியின் உள்ளங்கைக்கு வரும். அப்பாவுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டே ஆஷா வளர்ந்தாள். ஸ்ரீகண்டன் டாக்டர் காலமான பிறகு ரத்தம் பார்ப்பதும் நின்றுபோயிற்று.

“போன மாசம் பி.பி. ஏறித்து. டாக்டர் நீர் பிரியறதுக்கு ஒரு மாத்திரை குடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்,” என்றார் நாகலக்ஷ்மி. “குறைக்கறது என்ன, ஆத்துச் சமையல்லேந்தே எடுத்துட்டேன். ஆஷா கல்யாணம் முடியற வரைக்கும் நானும் உப்பு தொடறதில்லைன்னு வேண்டிண்டேன். இவர் உப்பு உப்புன்னு கத்தினார். அது பி.பி. இருக்கறவா எல்லாரும் கத்தறதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் கை நடுங்கித்து, தள்ளாடினார், உளறினார். பழைய நோய்தான் திரும்பிடுத்துன்னு ஹரி சொன்னான். பின்னே, தீர்த்தத்துல ரெண்டு மாத்திரையாப் போட்டேன்.”

நாங்கள் விஷம் வைத்தவரைத் தேடி வந்தோம். இந்த வீட்டில் எதையோ எடுத்தவரை அல்லவா தேடியிருக்க வேண்டும். அதுவும் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இன்றைய மாத்திரைகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் பையில் ஒரு மிக்சர் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துப் பட்டாபியிடம் நீட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“இது உன் மிக்சர்ல தீருற காரியம் இல்லடே. ஆஸ்பத்திரி போணும், இப்பமே போணும்,” என்றவர் கதவுப் பக்கம் திரும்பினார். “மாமி, அந்த மாத்திரையைக் கீழ போடுங்கோ. பி.பி. டாக்டர்ட்ட லித்தியம் சாப்பிடுதாருன்னு சொன்னியளா?”

பதில் வருவதற்குள் தெருவில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நாகலக்ஷ்மி தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்துவிட்டார். அதற்குள் ஹரிநாராயணன் விடுதி ஆட்கள் இரண்டு பேரோடு மேலே வந்துவிட்டார். அக்கா வழியை மறித்து, இவர் போக வேண்டியது நெடுமங்காட்டுக்கு இல்லை, பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு என்றார். நீங்கள் யார் அதைச் சொல்ல என்று ஹரி கேட்டார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. பழைய நாள் திரும்பிவிட்டது என்கிற பயம் மட்டுமே இருந்தது. சொல்லுங்கள் என்பது போல் அக்கா நாகலக்ஷ்மியைப் பார்த்தார். அந்த அம்மாள் வாய் திறக்கவும், கீழேயிருந்து ஆஷா அப்பா என்று கூப்பிட்டபடி ஓடி வரவும் சரியாக இருந்தது. நாகலக்ஷ்மியின் வாய் மூடிக்கொண்டது.

பட்டாபியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் திமிறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. வேனில் வந்த நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்கு முன்பு கேட்கிற கேள்விகளைக் கேட்டார். அக்கா உரக்க, இவர் லித்தியம் சாப்பிடுகிறவர், அது உடம்பில் அளவு மீறியிருக்கிறது என்றார். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று ஹரி அதைவிட உரக்கச் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை ஆஷா மேல் இருந்தது. நர்ஸ் குழம்பிப்போய், பொறுப்பான ஆள் என்று பட்ட ஆஷாவிடம் திரும்பி, அச்சனுக்கு வேறே மருந்து எதாவது உண்டோ என்று கேட்டார்.

ஆஷா யோசிக்கவே இல்லை.

“இல்லை சிஸ்டர். பி.பி. மாத்திரை மட்டும்தான். அதை எழுதிக் குடுத்த டாக்டரும் இதையே கேட்டார், அவர்ட்டயும் நான் இதேதான் சொன்னேன். அப்பாவுக்கு வேற ஒரு மருந்தும் கிடையாது.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நாகலக்ஷ்மியைப் பார்த்தார். அக்கா கதவு வழியாகக் கேட்ட கேள்விக்குப் பதில் நடுத்தெருவில் வந்துவிட்டது. விஷத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது எங்களைக் கூப்பிட்ட பெண்ணேதான். அது அவளுக்குத் தெரியாது. அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள். அன்று பி.பி. டாக்டர் அறையில் பக்கத்து நாற்காலிகளில் இருந்த அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் வேறு உண்மை தெரியும். இரண்டு பேரும் அவளுக்காகவே பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

டிரைவர் வண்டியை முடுக்கினார். பட்டாபி படுத்தபடியே மனைவியைப் பார்த்தார். தலையை லேசாக வேண்டாம் என்று அசைத்தார். அந்த நிலைமையிலும் அந்த மனிதர் மகளின் கல்யாணத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

நாகலக்ஷ்மி வேன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கு,” என்றார். குரல் எதிர்வரிசை வாசல் வரை கேட்டது. “லித்தியம். ஆஷா பொறந்த வருஷத்துலேந்து சாப்பிடறார். புத்தி சரியில்லாமப் போயிருந்தது, அந்த மாத்திரைதான் இவரை மனுஷராக்கித்து. நான் உப்பை எடுத்துட்டேன், மாத்திரையைக் கூட்டினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.”

மடியிலிருந்து சம்புடத்தை எடுத்து நர்ஸ் கையில் வைத்தார். ஹரிநாராயணன் தலையில் கை வைத்தபடி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் சம்புடத்தைத் திறந்து பார்த்தார், பட்டாபியின் கையைப் பிடித்துப் பார்த்தார், டிரைவரிடம் வண்டியை மறுபக்கம் திருப்பச் சொன்னார்.

ஆஷா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ட்ட சொல்லியிருந்தா நான் டாக்டர்ட்ட சொல்லியிருப்பேனேம்மா,” என்றாள்.

ஆஷா வேனில் ஏறிக்கொண்டாள். பிறகு கை நீட்டி அம்மாவையும் ஏற்றிக்கொண்டாள்.

நாங்கள் காரில் பின்னால் போனோம். கேஷுவாலிட்டியில் ரத்தம் எடுத்தார்கள். மருந்து மிக அதிகமாக ஏறியிருக்கிறது, சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது, இன்றைய மாத்திரையும் உள்ளே போயிருந்தால் நாளைக்குப் பேச்சே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இனி பி.பி. டாக்டரும் மனநல டாக்டரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். மெதுவாகச் சரியாகும், காத்திருங்கள் என்றார்.

பட்டாபியின் கையில் ஊசி குத்தி, மேலே ஒரு பாட்டிலைத் தொங்கவிட்டிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நாகலக்ஷ்மி கட்டில் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டிலையே பார்த்தார். இனிமேல் கேட்காமல் எதையும் விடுவதில்லை என்று தீர்மானித்தவர் மாதிரி, அங்கே வந்த நர்ஸிடம் இது என்ன மருந்து என்று கேட்டார்.

“மருந்தொந்நும் இல்லா அம்மே,” என்றாள் நர்ஸ் மலையாளத்தில், சாதாரணமாக. “உப்புவெள்ளம். உப்புத் தண்ணி.”

நாகலக்ஷ்மி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். ஆஷா எழுந்து வந்து அவரைப் பிடித்துக்கொண்டாள். நானும் அக்காவும் வெளியே வந்துவிட்டோம்.